நான்கு மில்லிமீட்டர்

கை சும்மா கிடக்கும்போது நடுங்கும். வேலை செய்கையில் அடங்கியிருக்கும். வேலை முடிந்து மடியில் வைத்ததும் தொடங்கிவிடும். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று உரச, நொடிக்கு 4 முதல் 6 தடவை வரை கை ஆடும். பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பெரும்பாலும் இப்படித்தான், அதுவும் ஒரு பக்கக் கையில்தான், முதலில் தலைகாட்டும்.

நாகர்கோவிலில் ஒரு நரம்பியல் மருத்துவரின் அறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இந்தப் பரிசோதனையைப் பார்த்துவிடலாம்.

"பாட்டா, ரெண்டு கையையும் மடியில வைங்க. கண்ண மூடிட்டு நூறுல இருந்து ஏழேழா கொறச்சிட்டே வாங்க."

"தொண்ணூத்திமூணு… எண்பத்தாறு…"

எழுபத்தொன்பதை யோசிக்கும்போதே வலது கை ஆடத் தொடங்கியிருக்கும். மனம் கணக்கில் இருக்கும் நேரம் நடுக்கம் கட்டு மீறி வெளியே வரும். மருத்துவருக்கு வேண்டியது கணக்கின் விடை அல்ல.

"டீ குடிக்கும்போ எப்பிடி?"

"கிளாச எடுக்கும்போ ஒண்ணும் இல்ல டாக்டரே. வாய்கிட்ட கொண்டுபோயி கொஞ்ச நேரம் பிடிச்சிட்டு இருந்தா பெறவு விறையல் தொடங்கிரும்."

இந்தக் 'கொஞ்ச நேரம்' முக்கியமான தடயம். கையை நீட்டியதும் நடுக்கம் மறைகிறது. அதே நிலையில் சில நொடிகள் வைத்திருந்தால் திரும்ப வருகிறது. பலருக்குப் பரம்பரையாக வரும் இன்னொரு வகை நடுக்கத்தில் (பரம்பரை நடுக்கம் என்போம்) நிலைமை தலைகீழ்: மடியில் கை அமைதியாக இருக்கும், டம்ளரைத் தூக்கிய கணமே தளும்பும். இரண்டுக்கும் மருந்து வேறு, நோயின் போக்கும் வேறு. லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் 6 பேரை வைத்து இந்த நோயை எழுதிவைத்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில் நடந்துபோகும்போது பார்த்ததோடு சரி. கவனித்துப் பார்க்கும் கண்ணே இன்றைக்கும் இந்த நோயைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி.

மூளையின் அடிப்பகுதியில், நடுமூளையில், கருமையான ஒரு திட்டு இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளுக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சன் நோயில் இந்த அணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. நடை மெதுவாவது, தசை இறுகுவது, சட்டைப் பொத்தான் போட நேரமாவது, எழுத்து சிறுத்துக்கொண்டே போவது எல்லாம் இந்தப் பற்றாக்குறையின் விளைவு. டோபமினை மாத்திரையாக விழுங்கினால் அது மூளைக்குள் நுழையாது. அதன் முந்தைய வடிவமான லெவோடோபா நுழையும். 1960-களில் இதை வைத்தே நோயாளிகளைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்கவைத்தார்கள்.

லெவோடோபாவின் கதையில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. நம் பாடநூல்கள் அதைச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் 1913-லேயே ஒருவகை அவரையிலிருந்து அது பிரிக்கப்பட்டிருந்தது. அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தொட்டால் அரிப்பெடுக்கும் பூனைக்காலிக் கொடி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் தானாகவே படர்வது. நாட்டு வைத்தியத்தில் நடுக்குவாதத்துக்கு அதன் விதை புழங்கியிருக்கிறது. ஆனால் விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு மாறும். ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவர் அதற்குமேல் விதைப்பொடியையும் தாமாகச் சேர்த்துக்கொள்வது ஆபத்து.

நடுக்கத்துக்கு வருவோம். நடை மெதுவாவதும் தசை இறுக்கமும் லெவோடோபாவுக்குப் பெரும்பாலும் பணியும். நடுக்கம் அப்படி இல்லை. சிலருக்கு முழுதாக அடங்கும், சிலருக்கு அரைகுறையாக, சிலருக்கு அசையவே அசையாது. நடுக்கம் டோபமின் சுற்றோடு முடிந்துவிடுவதில்லை என்பதே காரணம். சிறுமூளையிலிருந்து, மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் வழியாகப் பெருமூளைப் புறணிக்குப் போகும் இன்னொரு பாதையும் அதில் சிக்கியிருக்கிறது. டோபமின் குறைவு நடுக்கத்தைத் தொடங்கிவைக்கிறது, இந்தப் பாதை அதைத் தாளம் தப்பாமல் தொடர்ந்து ஓட்டுகிறது என்று ஆய்வாளர்கள் இன்று கருதுகிறார்கள். முதல் சுற்றுக்கான மருந்து இரண்டாவதை எப்போதும் எட்டுவதில்லை.

மருந்துக்குக் கட்டுப்படாத நடுக்கம் என்று முத்திரை குத்தும்முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கேட்காமல் கதிர்வீச்சைப் பற்றியோ அறுவையைப் பற்றியோ பேசுவதே தவறு என்பது என் உறுதியான கருத்து. மாத்திரை போதிய அளவு கொடுக்கப்பட்டதா? பலர் தொடக்க அளவிலேயே நின்றுவிட்டு, "மருந்து கேக்கல்ல" என்று கைவிட்டிருப்பார்கள். எப்போது சாப்பிடுகிறார்? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன்குழம்பு இல்லாத மதியச் சோறு அரிது. மீனின் புரதமும் லெவோடோபாவும் குடலிலிருந்து உள்ளே போகவும், பிறகு மூளைக்குள் நுழையவும் ஒரே வாசலுக்குப் போட்டியிடுகின்றன. சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் அதில் கணிசமான பகுதி வீண். உணவுக்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்பு சாப்பிட்டாலே சிலருக்கு நடுக்கம் தணிந்துவிடும். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்? தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் விழுங்கும் சின்னரிசினும், குமட்டலுக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் தாமே நடுக்கத்தை உண்டாக்கக்கூடியவை. அவற்றை மருத்துவர் சொல்படி நிறுத்தினால், 'தீராத நடுக்கம்' சில மாதங்களில் தீர்ந்துபோவதும் உண்டு. நடுக்கத்துக்கென்றே தரும் ட்ரைஹெக்சிபெனிடில் இளையவர்களுக்கு உதவும். 70 வயதுக்காரருக்கு மறதியையும் குழப்பத்தையும் சிறுநீர்த் தடையையும் கொண்டுவரலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் அடுத்த வாசல் தலாமஸ்.

தலாமஸின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஓர் உட்கரு, சிறுமூளையின் செய்திகளை வாங்கிப் புறணிக்குக் கடத்துகிறது. அதைச் சிதைத்தால் எதிர்ப்பக்கக் கையின் நடுக்கம் நிற்கும் என்பது 1950-களிலேயே தெரிந்துவிட்டது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1950-இல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கிய பி. ராமமூர்த்தியும், எஸ். கல்யாணராமன், வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோரும் 1960-களில் இந்தத் துறையில் உலகம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வேலை செய்தார்கள். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, தலையில் பொருத்திய சட்டத்தின் அளவுகளைக் கொண்டு ஊசியைக் குறித்த புள்ளிக்குச் செலுத்துவது அந்த முறை. நோயாளி விழித்திருப்பார். நிரந்தரமாகச் சிதைக்கும்முன் அந்த இடத்தை மின்னால் தூண்டிப் பார்ப்பார்கள். நடுக்கம் நின்றால் இடம் சரி; முகம் மரத்தாலோ, கை இழுத்தாலோ, பேச்சு குழறினாலோ ஊசியை நகர்த்த வேண்டும். ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களுள் ஒருவரான கனகா, 1975-லேயே மூளைக்குள் நிலையாக மின்முனை பொருத்தியவர். இன்று டிபிஎஸ் என்று அழைக்கப்படும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையின் இந்திய முன்னோடி அவர்.

லெவோடோபா வந்ததும் இந்த அறுவைகள் உலகெங்கும் குறைந்தன. மருந்தின் எல்லை தெரிந்த பிறகு, 1987-இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனபிட் என்பவர் சிதைப்பதற்குப் பதில் தொடர்ந்து மின்தூண்டல் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தபோது அறுவை மறுபடி உயிர்பெற்றது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் அருகிலுள்ள முகவரி சென்னை அல்ல. சுமார் 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரா திருநாள் நிலையம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் குமரி. எல்லை மாறிய பின்னும், பெரிய நோய் என்றால் விடியக்காலை வண்டியேறி வடக்கே போகும் வழக்கம் மாறவில்லை.

டிபிஎஸ் நல்ல சிகிச்சை. வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம், அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். நடுக்கத்தோடு இறுக்கத்துக்கும் மந்தத்துக்கும் சேர்த்தே உதவும்படி வேறு புள்ளியிலும் பொருத்தலாம். ஆனால் மண்டையோட்டைத் துளைத்தாக வேண்டும். கருவிக்குப் பல லட்சம் ஆகும். மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதயத்தில் செயற்கை வால்வு இருப்பதால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், 80-ஐத் தொட்டவர், நுரையீரல் பலவீனமானவர் ஆகியோருக்கு மூளைக்குள் கம்பி செலுத்துவது பெரிய ஆபத்து. கதிர்வீச்சைக் குவித்து மூளைக்குள் ஒரு புள்ளியை அழிக்கும் கதிரறுவை முதன்மையாக இவர்களுக்கானது.

அதன் தந்தை ஸ்வீடன் நரம்பு அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்சல். 1951-இல், கத்தியின்றிக் கதிர்க்கற்றையாலேயே மூளைக்குள் ஒரு புள்ளியை அழிக்கலாம் என்று எழுதினார். முதலில் எக்ஸ்ரே குழாயைச் சட்டத்தில் பொருத்திப் பார்த்தார். பிறகு இயற்பியலாளர் போர்யே லார்சனோடு உப்சாலாவில் புரோட்டான் கற்றைகளை முயன்றார். 1967-68-இல் ஸ்டாக்ஹோமில் முதல் காமா கத்தி வேலைக்கு வந்தது. கத்தி என்பது பேருக்குத்தான். உள்ளே இருந்தவை கதிரியக்கக் கோபால்ட்-60 மூலங்கள், மொத்தம் 179. பின்னாளில் அது 201 ஆனது. இப்போதைய மாதிரிகளில் 192. லெக்சல் இதைச் செய்ததே நடுக்கம், தீராத வலி போன்றவற்றுக்கு மூளையின் ஆழத்தில் சிறு புள்ளிகளை அழிப்பதற்காக. பிற்பாடு கட்டிகளுக்கும் ரத்தக்குழாய்க் கோளாறுகளுக்குமே அது அதிகம் பயன்பட்டது. இந்தியாவுக்கு 1990-களின் பிற்பகுதியில் மும்பைக்கும் டெல்லிக்கும் வந்தது. நேர்கோட்டு முடுக்கியை வைத்தும் இதே வேலையைச் செய்யலாம். அத்தகைய முடுக்கியை ரோபோக் கை பிடித்து நகர்த்தும் சைபர்நைஃப் 2009-இல் சென்னையில் நிறுவப்பட்டது.

சுசீந்திரம் தேர் வடத்தை ஒரு ஆள் பிடித்து இழுத்தால் சக்கரம் அசையாது. நூற்றுக்கணக்கான கைகள் சேர்ந்தால்தான் தேர் நகரும். காமா கத்தியின் 192 கற்றைகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் வரும் வழியில் மூளைத் திசுவுக்குக் கொடுப்பது மிகச் சிறிய அளவு. எல்லாம் கூடும் புள்ளியில் மட்டும் திசு அழியும்.

கதிர்வீச்சு என்ற சொல் இந்த மாவட்டத்தில் லேசாகப் புழங்கும் சொல் அல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் உண்டு. மோனசைட்டில் தோரியம் உண்டு. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து 1909-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஷாம்பர்க் அதைக் கண்டறிந்தார். அடுத்து மணவாளக்குறிச்சியிலேயே ஆலை வந்தது. கிழக்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் கூடங்குளம். புற்றுநோயாளிகள் இருக்கும் கடலோரக் குடும்பங்கள் கதிர்வீச்சைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் உண்டு. அந்தக் குடும்பத்திலிருந்து வரும் ஒருவரிடம் "கதிர்வீச்சு கொடுத்து நடுக்கத்தை நிறுத்தலாம்" என்று சொல்கிற மருத்துவர் கணக்கை விளக்காமல் தப்பிக்கக் கூடாது.

கணக்கு இதுதான். இயற்கையிலிருந்து உலக மக்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. மோனசைட் கரைகளில் இன்னும் கூடுதல். அது உடல் முழுவதற்கும், வாழ்நாள் முழுவதும், சிறுகச் சிறுக. புற்றுக்கட்டிக்குக் கொடுக்கும் வழக்கமான சிகிச்சையில் நாளுக்கு 2 கிரே (மில்லிசீவர்ட்டைவிடப் பல மடங்கு பெரிய அலகு) வீதம் ஐந்தாறு வாரங்களில் 50, 60 கிரே கொடுப்பார்கள். நடுக்கத்துக்கான கதிரறுவையில் ஒரே அமர்வில் 130 கிரே. உடல் முழுவதும் ஒரே தடவையில் 4, 5 கிரே பட்டாலே, சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப்பேர் பிழைக்க மாட்டார்கள். அப்படியிருக்க 130 எப்படித் தாங்கும்? அந்த 130 விழுவது 4 மில்லிமீட்டர் துளை வழியே குவிக்கப்பட்ட ஒற்றைப் புள்ளியின் மையத்தில் மட்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளினால் பாதியாகிவிடும். இன்னும் தள்ளத் தள்ளச் செங்குத்தாகச் சரியும். எவ்வளவு என்பதோடு எங்கே, எத்தனை பருமனில், எத்தனை நாளில் என்று சேர்த்துக் கேட்டால்தான் கதிர்வீச்சைப் பற்றிய கேள்வி முழுமையாகும்.

சிகிச்சை நாளன்று காலையில் நெற்றியில் இரண்டு, பின்தலையில் இரண்டு என நான்கு இடங்களில் மரப்பூசி போட்டுச் சட்டத்தைத் திருகுகிறார்கள். ஊசி சுருக்கென்று வலிக்கும். திருகும்போது தலையை இறுக்குவது போல் கொஞ்ச நேரம் இருந்து அடங்கும். சட்டத்தோடேயே எம்ஆர்ஐ. பிறகு நோயாளிக்கு ஓய்வு; வேலை திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கும் கதிர் இயற்பியலாளருக்கும். குறிவைக்கும் உட்கரு சாதாரண எம்ஆர்ஐ படத்தில் தனியாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். ஆகவே தெரிகிற இரண்டு அடையாளங்களை எடுத்துக்கொள்கிறார்கள்: மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் முன் இணைப்பு, பின் இணைப்பு. இவற்றுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். பின் இணைப்பிலிருந்து அந்தத் தூரத்தில் கால்வாசி முன்னே, நடுக்கோட்டிலிருந்து 14, 15 மில்லிமீட்டர் பக்கவாட்டில். அங்கிருந்து வெளிப்பக்கம் சற்று விலகினால் கைகால்களை இயக்கும் நரம்பிழைகளின் கட்டு. பின்னால் விலகினால் தொடுவுணர்வின் உட்கரு. வலது கை நடுக்கத்துக்கு இடது தலாமஸ்.

பிறகு கட்டிலோடு கருவிக்குள் தலை நுழையும். சுமார் ஒரு மணி நேரம். கோபால்ட்-60 ஐந்தே கால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், மூலம் பழசானால் நேரம் நீளும். சத்தமில்லை, சூடில்லை, வலியில்லை. சட்டத்தைக் கழற்றி, திருகிய இடங்களில் கட்டுப்போட்டு, அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்புவார்கள்.

வீடு வந்தவரின் கை முன்போலவே நடுங்கும். அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் குடும்பம் உடைந்துபோகும். கதிர் தொட்ட திசு அன்றைக்கே அழிவதில்லை. நரம்பணுக்களும் அவற்றைத் தாங்கும் அணுக்களும் நுண் ரத்தக்குழாய்களும் வாரக்கணக்கில் மெல்லச் சிதைகின்றன. பெரும்பாலோருக்கு மூன்று நான்கு மாதங்களில் நடுக்கம் தணியத் தொடங்கும். சிலருக்கு ஓராண்டும் ஆகும். பிரான்சின் மார்செய் நகரில் 50 பேரை (36 பேர் பரம்பரை நடுக்கம், 14 பேர் பார்க்கின்சன்) வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2015-இல் வெளியானது. யாருடைய காணொளி சிகிச்சைக்கு முன், யாருடையது பின் என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் மதிப்பெண் போட்டார்கள். ஓராண்டில் கை நடுக்கம் சராசரியாகப் பாதிக்குமேல் குறைந்திருந்தது. ஒருவருக்கு ஒரு பக்கக் கைகால் பலவீனம் வந்து போனது.

நல்ல முடிவு. ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2001-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில், எமரி பல்கலைக்கழக மருத்துவர்கள் 8 மாதங்களில் தங்களிடம் வந்த 8 பேரைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் பார்க்கின்சனுக்காக காமா கத்திச் சிகிச்சை பெற்றவர்கள். ஒருவருக்குப் பக்கவாதம், ஒருவருக்குப் பார்வையின் ஒரு பாதி இழப்பு, சிலருக்குப் பேச்சுக் குழறல். ஒருவர் புரையேறி வந்த நுரையீரல் அழற்சியில் இறந்துபோனார். எத்தனை பேரில் இந்த 8 பேர் என்ற கணக்கு அதில் இல்லை. எனவே இதை வைத்து விழுக்காடு போட முடியாது. ஆனாலும் காரணம் புரிகிறது. ஊசி அறுவையில் தூண்டிப் பார்த்துவிட்டு அழிக்கலாம். கதிரில் முன்னோட்டம் கிடையாது. வரைபடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அது தெரிய மாதங்கள் ஆகும், அப்போது திருத்த வழி இல்லை. இடம் சரியாக இருந்தும், மிகச் சிலருக்குச் சிதைவு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகப் பரவுகிறது. எவருக்குப் பரவும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை வழியில்லை. அதனால் அளவை அதிகம் கூட்டாமல், ஒரே புள்ளியோடு நிறுத்திக்கொள்வதே இப்போதைய நடைமுறை.

மண்டையோட்டைத் திறக்காத இன்னொரு முறையும் வந்துவிட்டது. எம்ஆர்ஐக்குள் வைத்து, குவிந்த மீயொலியால் அதே புள்ளியைச் சூடாக்குவது அது. அமெரிக்காவில் பரம்பரை நடுக்கத்துக்கு 2016-லும் பார்க்கின்சன் நடுக்கத்துக்கு 2018-லும் அனுமதி பெற்றது. முதலில் மிதமாகச் சூடாக்கி விளைவைப் பார்த்துவிட்டு முடிக்கலாம், பலனும் அங்கேயே தெரிந்துவிடும். மண்டையோட்டு எலும்பின் தன்மை ஒத்துவராதவர்களுக்கும், எம்ஆர்ஐக்குள் நீண்ட நேரம் இருக்க முடியாதவர்களுக்கும் அது ஆகாது. அந்த இடத்தில் கதிரறுவைக்கு இன்னும் தேவை இருக்கிறது.

எந்த முறையானாலும் தலாமஸைச் சிதைப்பது நடுக்கத்துக்கு மட்டும்தான். நடை தடுமாற்றம், மலச்சிக்கல், மறதி, குரல் தேய்வது எதையும் அது தொடாது. நோய் தன் போக்கில் போகும். நடக்க முடியாமல் இருப்பவரை இதற்கு அழைத்துப்போய்ப் பயனில்லை. இரண்டு பக்கமும் செய்தால் பேச்சும் விழுங்குவதும் கெடும் அபாயம் உண்டு என்பதால் வழக்கமாக ஒரு பக்கத்தோடு நிறுத்துவார்கள். எந்தக் கை என்பதை நோயாளியே சொல்ல வேண்டும். வடசேரியில் கோயில் நகைக்குக் கல் பதிப்பவருக்கு வலது கைதான் எல்லாம். முட்டத்தில் வலை பின்னுகிறவருக்கோ, தோவாளையில் மாலை கட்டுகிறவருக்கோ இரண்டு கையும் வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்று அவர் நாள்கணக்கில் யோசிக்கட்டும். அவசரமில்லை.

முடிவெடுத்துவிட்டால், போகும்முன் வீட்டில் ஒருவர் போனில் காணொளி எடுத்து வைப்பது நல்லது: மடியில் கை வைத்திருப்பது, காகிதத்தில் சுருள் வரைவது, ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, பெயரை எழுதுவது. மாற்றம் மெதுவாக வருவதால் கூட இருப்பவர்களுக்கே அது தெரியாமல் போகும். அதே வேலைகளை 3, 6, 12-ஆம் மாதங்களில் மறுபடி எடுத்து மருத்துவரிடம் காட்டலாம். இடையில் கைகால் பலவீனமோ, மரமரப்போ, பேச்சுத் தடுமாற்றமோ புதிதாகத் தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. கதிர்பட்ட இடத்தின் வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு உண்டு. கை நடுக்கம் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. லெவோடோபா இறுக்கத்துக்கும் நடைக்கும் தொடர்ந்து தேவைப்படும், உணவுக்கு முன்பாக.